டர்போ பெட்ரோல் கார்: மிஸ்ஸிங், பிக்கப் குறைவு – பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி) என்றால் டீசல் வண்டி என்று இருந்த காலம் போய், இன்று ஒரு லிட்டர் பெட்ரோல் காரிலும் டர்போ சுற்றுகிறது. வென்யூ, நெக்ஸான், ஃப்ரான்க்ஸ், டைகுன், குஷாக் என்று வரிசையாக வந்து நிற்கின்றன. வண்டி எதுவானாலும் போனில் வரும் பேச்சு ஒன்றுதான்: “மிஸ்ஸிங் அடிக்குதுங்ணா”, “முன்ன மாதிரி இழுக்கலீங்ணா”. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். டீசல் வேறு கதை. இதில் பெட்ரோல் டர்போ மட்டும்.

மிஸ்ஸிங்கும் பிக்கப் குறைவும் ஒன்றுதானே?

இல்லை. ஏதோ ஒரு சிலிண்டரில் ஒரு தடவை நெருப்பு பிடிக்கவில்லை, அல்லது அரைகுறையாகப் பிடித்தது என்றால் அது மிஸ்ஸிங். அது உடம்புக்கே தெரியும். வண்டி விக்கல் எடுப்பதுபோல் குதிக்கும், சீட்டும் ஸ்டீயரிங்கும் உதறும். நம் ஊர் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போக்கள் பெரும்பாலும் மூன்று சிலிண்டர். அதில் ஒன்று படுத்துவிட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான்கு சிலிண்டர் வண்டிபோல் சமாளித்து ஓட்ட முடியாது.

பிக்கப் குறைவில் இந்த விக்கல் இருக்காது. என்ஜின் வழுவழுவென்று ஓடும். ஆனால் மிதித்தால் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்துமே, அந்த உந்தல் வராது. பழைய ஆம்னி பஸ் மேடேறுவதுபோல் நிதானமாகப் போகும்.

மிஸ்ஸிங் என்றால் நான் பொறி விடும் பிளக், அதற்கு வோல்டேஜ் கொடுக்கும் காயில், பெட்ரோல், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பக்கம் போவேன். வழுவழு பிக்கப் குறைவு என்றால் முதலில் காற்றுப் பாதை. இந்த ஒரு பிரிவினையைச் சரியாகச் செய்தாலே பாதிச் செலவு மிச்சம்.

ஒரு சின்ன விஷயம். டைகுன், குஷாக் வண்டிகளின் 1.5 டிஎஸ்ஐ என்ஜின், பாரம் இல்லாமல் ஒரே சீராகப் போகும்போது இரண்டு சிலிண்டரைத் தானே அணைத்துவிடும். அந்த நேரத்துச் சின்ன அதிர்வை மிஸ்ஸிங் என்று நினைத்து வந்தவர்கள் உண்டு. மீட்டரிலேயே அது இரண்டு சிலிண்டரில் ஓடுவதாகக் காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லோ ஸ்பீடில் நன்றாக இருக்கிறது, 80-ல் போனாலும் நன்றாக இருக்கிறது. மேட்டில் அழுத்தி மிதித்தால் மட்டும் அடிக்கிறது. ஏன்?

டர்போ வண்டியில் நான் அதிகம் பார்க்கும் கேஸ் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாவ வேண்டும். நடுவில் இருக்கும் காற்று எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறதோ, தாவுவதற்கு அவ்வளவு வோல்டேஜ் வேண்டும். ஸ்லோ ஸ்பீடில் சிலிண்டருக்குள் காற்று குறைவு. ஓய்ந்துபோன காயில்கூடப் பொறியைத் தாவ வைத்துவிடும். நீங்கள் மிதித்தவுடன் டர்போ காற்றைத் திணிக்கிறது. அதே இடைவெளியைத் தாண்ட இப்போது பல மடங்கு சிரமம். தாவ முடியாத பொறி வேறு வழி தேடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் ஓரமாக ஓடும், காயிலின் ரப்பர் பூட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் அதன் வழியாக என்ஜின் உடம்பில் இறங்கும். உள்ளே நெருப்பு இல்லை. விக்கல்.

ஆகவே “மிதித்தால் மட்டும்” என்ற இரண்டு வார்த்தையைக் கேட்டதும் நான் பிளக்கைத்தான் கழற்றுவேன். கழற்றிய பிளக்கின் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தால் பொறி அந்த வழியாகத்தான் ஓடியிருக்கிறது. அதே இடத்துக்கு நேராகக் காயில் பூட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள், அங்கும் தடம் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு அந்தப் பூட்டை அப்படியே விட்டால் புதுப் பிளக்கிலும் அதே கோடு விழும்.

பிளக் புதுசு போட்டு ஒரு மாசம்கூட ஆகலையே?

புதுசு என்பது சரியானது என்று அர்த்தமில்லை. போன வருடம் ஒரு வண்டி. பிளக், காயில், ஏர் ஃபில்டர் எல்லாம் வேறொரு இடத்தில் மாற்றியாயிற்று. மருதமலை ஏற்றத்தில் மட்டும் இரண்டாவது கியரில் தடதடவென்று அடிக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பளபளவென்று நல்ல கம்பெனி இரிடியம்தான். ஃபீலர் கேஜை விட்டால் 0.7 தகடு உள்ளே ஊசலாடுகிறது, 1.0 தகடும் உள்ளே போகிறது, 1.1 லேசாக உரசிக்கொண்டு நிற்கிறது. அதே மாடலின் டர்போ இல்லாத வண்டிக்கான பிளக்கைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மரை ஒன்று, நீளம் ஒன்று, கடைக்காரருக்கு என்ன தெரியும்?

டர்போ இல்லாத என்ஜினுக்கு 1.0, 1.1 மில்லிமீட்டர் இடைவெளி சாதாரணம். டர்போவுக்குப் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 வரைதான். சரியான பார்ட் நம்பர் பிளக் மூன்று போட்டதும் அந்த வண்டி சத்தமில்லாமல் மேலே ஏறியது.

பிளக்கின் சூட்டு எண்ணும் முக்கியம். என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. போஷில் எண் கூடினால் சூடு. கம்பெனி மாற்றி வாங்குகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசிபோல மெல்லியது. அதன்மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி கேப் சரி செய்யாதீர்கள், உடைந்து சிலிண்டருக்குள் விழும். மாற்றும் கெடுவையும் புத்தகத்தில் டர்போவுக்குத் தனியாகப் பாருங்கள். சாதா என்ஜினில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் பிளக்கை டர்போவில் அதற்கு வெகு முன்பே தூக்கிவிட வேண்டியிருக்கும்.

என்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். ஹெட் அலுமினியம், சூட்டில் மரை வழித்துக்கொண்டு வந்தால் பிளக் செலவு ஹெட் செலவாகும்.

காயில் போயிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். ஒரு 10 நம்பர் ஸ்பேனர் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் காயிலைக் கழற்றலாம். வண்டியின் எரரைப் படிக்கும் ஸ்கேனர் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்கிறதா? என்ஜினை அணைத்து, இரண்டாவது காயிலை மூன்றுக்கும் மூன்றாவதை இரண்டுக்கும் மாற்றிப் போட்டு, எரரை அழித்து, அதே மேட்டில் அதே மாதிரி ஓட்டுங்கள். மிஸ்ஸிங் மூன்றாவதுக்கு இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. இரண்டிலேயே நின்றால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுவது), வயரிங், கம்ப்ரஷன் என்று போக வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். எது சரிசெய்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது. ஓட்டலாமா?

வேண்டாம். லைட் நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வரலாம். மின்னினால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் நடக்கிறது என்று என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ சொல்கிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, உள்ளே இருக்கும் தேனடைபோன்ற பீங்கானை உருக்கிவிடும். டர்போ வண்டிகளில் கன்வெர்ட்டர் டர்போவை ஒட்டியே இருப்பதால் சூடு ஏற்கெனவே அதிகம். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க் காயிலுக்குச் சோம்பல் பட்டுப் பல்லாயிரம் ரூபாய்க் கன்வெர்ட்டரைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். ஓரமாக நிறுத்திவிட்டு போன் பண்ணுங்கள்.

ஸ்கேனரில் பி0300, பி0302 என்றெல்லாம் வருகிறதே, என்ன அர்த்தம்?

பி0301 முதல் பி0304 வரை கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாமல் எல்லாவற்றிலும் மாறி மாறி அடிக்கிறது. ஒரே சிலிண்டர் என்றால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான பொருளைப் பாருங்கள். பி0300 என்றால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானதைப் பாருங்கள்: பெட்ரோல் பிரஷர், காற்றுக் கசிவு, தண்ணீர் கலந்த பெட்ரோல், டைமிங் செயின்.

ஈசியூ நெருப்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. கிராங்க் ஷாஃப்டில் பல் வைத்த சக்கரம் ஒன்று உண்டு. பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் விட்டு இரண்டைக் குறைத்திருப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எரியும்போது அந்தச் சக்கரம் கொஞ்சம் வேகமெடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் அங்கே மிஸ்ஸிங் என்று கணக்கு எழுதிக்கொள்ளும். அதனால்தான் எரர் நோயைச் சொல்கிறதே தவிர காரணத்தைச் சொல்வதில்லை. பி0302 என்பது “இரண்டாவது காயிலை மாற்று” என்ற உத்தரவு அல்ல.

கூடவே வருகிற எரர்களையும் படியுங்கள். பி0171 சேர்ந்து வந்தால் பெட்ரோலை விடக் காற்று அதிகம். பி0087 என்றால் இன்ஜெக்டர் ரயிலில் பிரஷர் குறைவு. பி0016 வந்தால் கேம், கிராங்க் இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை; செயின் நீண்டிருக்கலாம், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. பி0299 என்றால் பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், போதவில்லை.

அந்த பி0299-தான் வந்தது. டர்போ போச்சு, மாத்தணும் என்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

பொறுங்கள். என் அனுபவத்தில் இந்த எரரோடு வரும் வண்டிகளில் டர்போவே செத்தது குறைவு. டர்போவிலிருந்து த்ராட்டில் (என்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் கதவு) வரைக்கும் குழாய், இன்டர்கூலர் (அந்தக் காற்றை ஆற்றும் ரேடியேட்டர்), ரப்பர் ஹோஸ், கிளாம்ப், ஓ ரிங் என்று பத்து இடத்தில் காற்று ஒழுக வாய்ப்பு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு இருப்பதிலேயே விலை கூடிய பொருளில் கை வைப்பானேன்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் ஒருவரின் வண்டி. பர்லியாறு தாண்டியதும் இழுவை செத்துவிடும், லைட் எரியும். அணைத்துப் போட்டால் கொஞ்ச தூரம் சரியாக இருக்கும். கீழே கோவையில் எத்தனை சுற்று ஓட்டினாலும் ஒன்றும் தெரியாது. வேறொரு பட்டறையில் டர்போவுக்கு விலை சொல்லிவிட்டார்கள். நான் ஸ்கேனரை மாட்டி, பக்கத்தில் பையனை உட்கார வைத்து, மூன்றாவது கியரில் 1800 ரேவிலிருந்து (என்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்று) முழுசாக மிதித்தேன். ஈசியூ கேட்கும் பூஸ்ட் 1750 மில்லிபார். கிடைப்பது 1380-ஐத் தாண்டவில்லை. மிஸ்ஸிங் இல்லை, புகை இல்லை. ஜன்னலை இறக்கினால் பானட்டுக்குள் சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குவதுபோல் ஒரு ‘உஸ்’.

ஷெட்டுக்கு வந்து, ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, பிளம்பிங் கடையில் வாங்கிய பிவிசி மூடியில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி டர்போ வாயில் மாட்டினோம். ரெகுலேட்டரில் 0.7 பாருக்கு மேல் போகவிடாமல் காற்று ஏற்றினோம். கிராங்க் கேஸுக்குப் போகும் சின்னக் குழாயை மறக்காமல் கவ்வி மூடிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் காற்று ஆயில் சம்ப்புக்குள் போய் சீலைத் தள்ளிவிடும். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனால், இன்டர்கூலரிலிருந்து மேலே வரும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப்பை ஒட்டினாற்போல் நுரை பொங்குகிறது. கையால் தடவினால் வெடிப்பு தெரியவில்லை. வளைத்துப் பிரித்தால்தான் இரண்டு அங்குல நீளத்துக்கு வாய் திறக்கிறது. சும்மா நிற்கும்போது மூடிக்கொள்கிறது, பூஸ்ட் ஏறினால் திறக்கிறது. சமதளத்தில் ஒன்றும் தெரியாமல் மலையில் மட்டும் தொந்தரவு செய்ததற்கு அதுதான் காரணம். ஹோஸையும் கிளாம்ப்பையும் மாற்றினோம். டர்போ இன்னும் பழையதுதான் ஓடுகிறது.

அந்த வெடிப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து கறுப்பாக இருந்தது. டர்போ குழாய்களுக்குள் லேசான எண்ணெய் ஈரம் எப்போதும் உண்டு. கசியும் இடத்தில் அது வெளியே வந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். டார்ச் அடித்து அந்தக் கறையைத் தேடினாலே பல சமயம் இடம் தெரிந்துவிடும்.

அப்போது டர்போதான் போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இன்லெட் ஹோஸைக் கழற்றி, என்ஜின் ஆறிய பிறகு, நடு ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கலாம், அது எண்ணெய்ப் படலத்துக்கான இடம். முன்னும் பின்னும் ‘டக் டக்’ என்று நகர்ந்தாலோ, பிளேடு ஹவுசிங்கை உரசிய தடம் இருந்தாலோ டர்போவின் காலம் முடிந்தது. நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் சுற்று சுற்றுகிற பொருளுக்கு அந்த ஆட்டம் தாங்காது. சைரன் போன்ற புதுச் சத்தமும், நீலப் புகையும், ஆயில் அளவு இறங்குவதும் சேர்ந்து வந்தாலும் அதேதான்.

வேஸ்ட்கேட்டையும் மறக்க வேண்டாம். டர்போவுக்குப் போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும் கதவு அது. துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் மிதித்த முதல் நொடியிலிருந்தே பூஸ்ட் எழும்பாது. மேலே சொன்ன ஹோஸ் கேஸில் எழும்பியது, ஆனால் எட்டவில்லை. ஸ்கேனர் வரைபடத்தில் இந்த இரண்டும் வேறு வேறு முகம். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்குவதுபோல் சத்தம் வந்தால் அந்தக் கதவின் முட்டு தேய்ந்திருக்கிறது. காலை எடுத்ததும் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் ரப்பர் கிழிந்தாலும் பூஸ்ட் ஒழுகும்.

ஆயிரம் ரூபாய் புளூடூத் ஸ்கேனர் வைத்திருக்கிறேன். எந்த எண்ணைப் பார்ப்பது?

முதல் எண்ணை என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே பார்க்கலாம். சாவியை ஆன் செய்து, மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் படியுங்கள். அந்த ஊரின் காற்றழுத்தம்தான் வர வேண்டும். சென்னையில் 101 கிலோபாஸ்கல் பக்கம், கோவையில் 96, 97, ஊட்டியில் 77, 78. கோவையில் நிற்கும் வண்டி 85 காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. அதை வைத்து ஈசியூ போடும் எல்லாக் கணக்கும் பொய். இந்த ஒரு நிமிடச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அடுத்தது ஃப்யூல் ட்ரிம். தான் போட்ட கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்று ஈசியூ எழுதி வைக்கும் சதவீதம். கூட்டல் கழித்தல் 5-க்குள் இருந்தால் நிம்மதி, 10-ஐத் தாண்டினால் விசாரணை. ஸ்லோ ஸ்பீடில் கூட்டல் 20, 2500 ரேவில் பிடித்தால் 5 என்று இறங்குகிறதா? த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. ஸ்லோ ஸ்பீடில் ஒழுங்கு, பாரம் ஏற ஏறக் கூட்டல் ஏறுகிறதா? பெட்ரோல் போதவில்லை.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று. டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் குழாயில் ஓட்டை இருந்தால், மேப் சென்சாரை நம்பி ஓடும் வண்டியில் ட்ரிம் சுத்தமாக இருக்கும், பலம் மட்டும் குறையும். ஏர் ஃப்ளோ மீட்டர் வைத்த வண்டியில் அதே ஓட்டை வேறு மாதிரி பேசும்: மீட்டர் எண்ணிய காற்று வழியில் ஓடிவிட, அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றப்படும், கறுப்புப் புகையும் மிஸ்ஸிங்கும் சேர்ந்து வரும். உங்கள் வண்டி எந்த ஜாதி என்று தெரிந்துகொண்டு தேடுங்கள்.

பூஸ்டைப் படிக்கும்போதும் கவனம். ஆப்பில் 1800 மில்லிபார் என்றால் அது மொத்த அழுத்தம். வெளிக்காற்றைக் கழித்தால் டர்போ கொடுப்பது 0.8 பார்தான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் தடதடக்கிறது, பிறகு சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. மூன்று சந்தேகம் உண்டு, மூன்றும் வேறு வேறு விலை.

ஒன்று, இன்ஜெக்டர் ஒழுகுவது. ராத்திரி முழுக்கச் சொட்டிய பெட்ரோலில் ஒரு சிலிண்டர் நனைந்து கிடக்கும். ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கும்.

இரண்டு, வால்வில் கரி. வென்யூ ஒரு லிட்டர் டர்போ, ஃப்ரான்க்ஸ் பூஸ்டர்ஜெட், டிஎஸ்ஐ எல்லாம் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருந்தது. இதில் அந்தக் குளியல் இல்லை. கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவி சூடான வால்வில் படிந்து தார்போல் இறுகிவிடும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்த இடத்துக்குப் போவதே இல்லை, காசு வீண். மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் வழி. நெக்ஸானின் 1.2 ரெவோட்ரான் பழைய முறைப்படி வெளியே பீய்ச்சுவது. அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. ஹெட் கேஸ்கட் வழியாக ராத்திரியில் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குவது. கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா, காலை மிஸ்ஸிங்கோடு இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை வருகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் ஓட்டாதீர்கள்.

இ20 பெட்ரோல்தான் காரணமா?

இப்போது எல்லாப் பழியும் அதன்மேல்தான். எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் சக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் கலப்பில் ஆறேழு சதவீதம் குறையும். அது மைலேஜில் தெரியும். ஈசியூ அதற்கேற்ப அதிகம் ஊற்றிச் சரிக்கட்டிவிடும் என்பதால் மிஸ்ஸிங் அடிக்க அது மட்டும் போதாது. ஆனால் ஏற்கெனவே பம்ப் ஓய்ந்த வண்டியில், கூடுதலாக ஊற்ற முடியாமல், மறைந்திருந்த நோய் வெளியே வரலாம்.

உண்மையான ஆபத்து நிறுத்திப் போட்ட வண்டியில். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற டேங்கில் ஈரம் சேர்ந்து, எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து வண்டியை எடுத்தவுடன் பி0300 வாங்கியவர்கள் முதலில் டேங்கை வடித்துப் பாருங்கள்.

பெட்ரோல் பிரஷரை எப்படிப் பார்ப்பது?

நேரடி இன்ஜெக்ஷன் வண்டியில் இரண்டு பம்ப். டேங்க் பம்ப் சில பார் பிரஷரில் அனுப்பும். கேம் ஷாஃப்ட் தள்ளும் பம்ப் அதைப் பல மடங்காக்கி, மிதிக்கும்போது 150, 200 பார் வரை கொண்டுபோகும். புதிய என்ஜின்களில் 350 வரை உண்டு. ஸ்கேனரில் ரயில் பிரஷரைப் பாருங்கள்: கேட்பதும் கிடைப்பதும் சேர்ந்தே ஏறினால் சரி. மிதிக்கும்போது கிடைப்பது சரிந்தால் முதலில் டேங்க் பம்ப்பையும் ஃபில்டரையும் சந்தேகப்படுங்கள், விலை குறைந்தது அதுதான். அந்த லைனைச் சாதா லைன்போல் நினைத்து நீங்களே தளர்த்தாதீர்கள். அந்தப் பிரஷரில் வரும் பெட்ரோல் தோலைத் துளைக்கும்.

கம்ப்ரஷன் எப்போது பார்ப்பது?

காயில், பிளக், இன்ஜெக்டர் எதை மாற்றிப் போட்டும் மிஸ்ஸிங் அதே சிலிண்டரில் நின்றால். எல்லாப் பிளக்கையும் கழற்றி, பம்ப் ஃப்யூஸை எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்து சுற்ற வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் விஷயம். இரண்டு 12 பார் காட்டி ஒன்று 8 என்றால் அங்கேதான் நோய். அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

எரரே இல்லை, மிஸ்ஸிங்கும் இல்லை, ஆனால் இழுக்கவில்லை.

ரேவ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போவின் இழுவிசை (டார்க்) முழுசாக வரும் 2000 ரேவ் பக்கம், நான்காவது கியரில் மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்காக இன்டர்கூலர் வரை கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

சித்திரை வெயிலில், அவிநாசி ரோட்டு நெரிசலில் மட்டும் மந்தம் என்றால் அது நோயே அல்ல. இன்டர்கூலருக்குக் காற்று ஓட்டம் இல்லாமல் உள்ளே போகும் காற்று 60, 70 டிகிரிக்கு ஏறிவிடும். கலவை கண்டபடி வெடித்துத் தட்டும் நாக்கிங் வராமல் இருக்க ஈசியூ பூஸ்டையும் டைமிங்கையும் இழுத்துப் பிடிக்கும். ரோடு திறந்ததும் சரியாகிவிடும்.

அதிக ரேவில் மட்டும் மூச்சு முட்டினால் கன்வெர்ட்டர் அடைப்பைப் பாருங்கள். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் மாட்டி 2500 ரேவில் பிடித்தால் 0.2 பாருக்கு மேல் காட்டக் கூடாது. பழைய மிஸ்ஸிங்கைக் கவனிக்காமல் ஓட்டிய வண்டிகளுக்கு இது அடுத்த அத்தியாயம்.

டாப் கியரில் 1500 ரேவில் மிதித்து ஏற்றுவது மைலேஜுக்கு நல்லது என்கிறார்களே?

டர்போவுக்கு அல்ல. குறைந்த ரேவ், அதிக பூஸ்ட் என்ற அந்த இடத்தில், பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் வியாதி ஒன்று நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களில் உண்டு. சாதா நாக்கிங்கைவிடப் பல மடங்கு கொடிது. ஒரே அடியில் பிஸ்டன் விளிம்பு உடையும். சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில் துளி அதற்கு ஒரு காரணம் என்பதால்தான் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று ஆயிலுக்கே புதுத் தரம் வைத்தார்கள். ஆயில் டப்பாவில் எஸ்பி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேட்டில் ஒரு கியர் இறக்குங்கள்.

வாட்டர் வாஷ் செய்த மறுநாளே மிஸ்ஸிங்.

பிளக் குழிக்குள் தண்ணீர். காயிலைக் கழற்றி, காற்றடித்துக் காயவைத்து மாட்டினால் போதும். குழிக்குள் தண்ணீருக்குப் பதில் ஆயில் இருந்தால் டாப் கவர் சீல் போயிருக்கிறது. வயர் கடிபட்டிருந்தால் எலி. எங்கள் பக்கம் அதுவும் தினசரி வரவுதான்.

பட்டறைக்கு வரும்போது என்ன சொல்ல வேண்டும்?

“மிஸ்ஸிங்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சூட்டிலா குளிரிலா, எந்தக் கியர், எத்தனை ரேவ், பெடல் பாதியா முழுசா, மேடா சமமா, கடைசியாக எதை மாற்றினீர்கள், எங்கே பெட்ரோல் போட்டீர்கள். இதை போனில் குறித்து வந்தவருக்கு நான் அரை மணியில் வழி சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. வரும் வழியில் உங்கள் புளூடூத் ஸ்கேனரில் எரரை அழித்துவிட்டு வராதீர்கள். எரர் விழுந்த நொடியில் ரேவ், பாரம், சூடு, பூஸ்ட் எல்லாம் எவ்வளவு இருந்தன என்பதையும் ஈசியூ சேர்த்துப் பதிந்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். அப்புறம் உங்களையும் ஏற்றிக்கொண்டு நான் பர்லியாறு வரைக்கும் போய்த்தான் அதைத் திரும்ப வாங்கிவர வேண்டும்.